முதுகெலும்புக்குக் கீழே வெற்றிடம் எதுவும் இல்லை

பென்சில்வேனியாவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 18 அடி உயரப் பரணில் உட்கார்ந்து, 20 கெஜத்தில் பக்கவாட்டில் நின்ற வெண்வால் மான் மீது அம்பு விட்டாராம். முதுகுக்குச் சற்றுக் கீழே பட்டு மறுபக்கம் வந்துவிட்டது. அம்பில் கொஞ்சம் ரத்தமும் கொழுப்பும் இருந்தன, நுரை இல்லை, மானும் கிடைக்கவில்லை. நுரையீரலுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் போயிருக்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள், அடுத்த முறை எங்கே குறி வைப்பது என்று கேட்கிறார்.

முதலில் அந்த வெற்றிடக் கதையை விட்டுவிடுங்கள். உயிரோடு இருக்கும் மானின் நுரையீரல் முதுகெலும்பின் அடிப்பக்கம் வரை நிறைந்திருக்கும், இடையில் காலி இடமே கிடையாது. கறிக்கடையில் தொங்கும் ஆட்டைப் பார்த்திருப்பீர்கள் இல்லையா, மானும் உள்ளே ஏறக்குறைய அதே அமைப்புதான். தோளுக்கு மேலே முதுகெலும்பு தோலை ஒட்டி ஓடாது, நாம் நினைப்பதைவிட நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளெலும்புகளும் இரண்டு பக்கமும் முதுகுக்கறியும்தான். உங்கள் அம்பு அந்தக் கறிக்குள் புகுந்து போயிருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது, கொழுப்பும் நுரையில்லாத ரத்தமும் அதற்குப் பொருந்துகின்றன. அப்படிப்பட்ட மான் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

சரி, குறி. துப்பாக்கிக் குண்டு போல அம்பு அதிர்ச்சியால் சாய்ப்பதில்லை, அறுத்து ரத்தம் வடியவைத்துத்தான் கொல்லும், அதனால் இரண்டு நுரையீரலையும் அறுத்துப் போவதுதான் உங்கள் வேலை. பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்து மேலே வாருங்கள், அடிவயிற்றுக் கோட்டிலிருந்து உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியதும் நிறுத்துங்கள். அதற்குச் சற்றுக் கீழே, முழங்கைக்கு நேர் மேலே இதயம். கால் எலும்பு நேராக மேலே போகிறது என்று பலர் நினைத்துக்கொண்டு பயந்து வயிற்றுப் பக்கம் தள்ளிக் குறி வைக்கிறார்கள், அது தப்பு. முழங்கையிலிருந்து எலும்பு முன்னோக்கிப் போய் கழுத்தடியில் மடங்கி, தோள்பட்டையாகப் பின்சாய்ந்து மேலே ஏறும். பின்னால் தள்ளித் தள்ளிப் போனால் உதரவிதானம் தாண்டி ஈரல், அப்புறம் இரைப்பை, அங்கே பட்டால் மானுக்கும் உங்களுக்கும் நீண்ட ராத்திரிதான்.

தாழக் குறி வைக்கச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வில் நாண் சத்தம் வினாடிக்கு சுமார் 1,100 அடி வேகத்தில் போகும், நல்ல காம்பவுண்ட் வில்லின் (முனைகளில் கப்பி வைத்த வில்) அம்போ 280 அடிதான். 30 கெஜத்தில் சத்தம் போய்ச் சேர்ந்து கால் வினாடி கழித்துத்தான் அம்பு வரும். அதற்குள் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடம்பைத் தாழ்த்திவிடும், நடுவில் வைத்த குறி முதுகில் போய் நிற்கும். உங்களுக்கு நடந்ததும் இதுவாக இருக்கலாம்.

பரணிலிருந்து விடும்போது அம்பு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியே வருகிறது என்று யோசியுங்கள். மறுபக்க முன்னங்காலின் முழங்கையை ஒட்டி வெளியே வரும்படி கணக்குப் போட்டால் நுழையும் இடம் தானாகச் சற்று மேலே ஏறும். உங்களுக்கு அப்பால் கோணலாகத் திரும்பி நிற்கும் மானுக்கும் இதே கணக்கு, எனக்கு மிகவும் பிடித்த நிலை அதுதான். பரணுக்கு நேர் கீழே வந்தால் ஒரு நுரையீரல்தான் கிடைக்கும், அந்த மான் வெகுதூரம் போய்விடும், கொஞ்சம் நகரட்டும் என்று பொறுங்கள். நெஞ்சைக் காட்டி நேராக நின்றால் விடவே வேண்டாம்.

விட்டதும் இறங்கி ஓடாதீர்கள். இளஞ்சிவப்பு நுரை என்றால் நுரையீரல், அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு ஈரல், நாலு முதல் ஆறு மணி நேரம். பச்சையாக, நாற்றமடித்தால் குடல், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் தொந்தரவு செய்யாமல் இருங்கள், துரத்தினால் எழுந்து போய்விடும். நுரையீரலின் மேல்பாகத்தில் பட்டால் ரத்தம் நெஞ்சுக்குள்ளேயே தேங்கி தரையில் துளிதான் விழும், அதனால் தடம் மெலிந்துவிட்டதே என்று அம்பில் நுரை பார்த்தவர் தேடலைக் கைவிடக் கூடாது.

(ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது முழுக்க அமெரிக்க உரிமமும் பருவமும் உள்ளவர்களுக்கான பதில்.)