பிரசவமாகி மூன்று வாரம் ஆகியும் அழுகை நிற்கவில்லை

கேள்வி: பெண் குழந்தை பிறந்து 24 நாள் ஆகிறது. மனைவி திண்டுக்கல்லில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். எனக்கு ஓசூரில் வேலை. சனி, ஞாயிறு மட்டும் போய் வருகிறேன். குழந்தை பகலில் தூங்கி ராத்திரி முழுக்க அழுகிறது. பால் போதவில்லை, பவுடர் பால் கொடுங்கள் என்கிறார்கள். மனைவி தினமும் அழுகிறாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை. தானாகச் சரியாகிவிடுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தத் தூக்கம் வராத விஷயம்தான்.

பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் ஹார்மோன்கள் சட்டென்று இறங்கும். காரணமே இல்லாமல் அழுகை வரும், எரிச்சல் வரும். நிறைய அம்மாக்களுக்கு உண்டு; இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். உங்கள் மனைவிக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்று பார்த்தே ஆகவேண்டும். 45-ஆம் நாள் செக்கப் வரை தள்ளிப்போட வேண்டாம். பிரசவம் பார்த்த டாக்டரிடமே போகலாம். பத்துக் கேள்விகள் உள்ள ஒரு படிவத்திலேயே ஓரளவு தெரிந்துவிடும். மாத்திரை தேவைப்பட்டாலும் பெரும்பாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியிருக்காது. செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பாலில் மிகக் குறைவாகவே கலக்கின்றன. நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் மத்திய அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இருக்கிறது: 14416. இலவசம், தமிழிலும் பேசலாம்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று அவரிடம் நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றாலோ, யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கிறது, குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்றெல்லாம் சொன்னாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தனியாக விடக் கூடாது.

சரி, பாலுக்கு வருவோம். அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். குழந்தை ஒரு நாளில் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா? பிறந்தபோது இருந்த எடை இரண்டு வாரத்தில் திரும்ப வந்துவிட்டதா? அதன்பின் நாளுக்கு 20–30 கிராம் ஏறுகிறதா? அப்படியென்றால் பால் போதுகிறது. பவுடர் டப்பா வாங்கும் முன் குழந்தையை எடை போடுங்கள். தேவையில்லாமல் புட்டி புகுந்தால் மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கட்டும். பூண்டுக் குழம்புக்கு என் ஆட்சேபணை எதுவும் இல்லை.

பகல், ராத்திரி வித்தியாசம் குழந்தைக்குப் பிடிபட இரண்டு, மூன்று மாதம் ஆகும். அழுகையும் ஆறாவது வாரம் வரை கூடத்தான் செய்யும். இதை மாமியாரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். இல்லையென்றால் மறுபடி பால்மேல்தான் பழி விழும்.

உங்களால் முடிந்தால் ஒரு வாரம் லீவு போடுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்ததும் மனைவி வேறு அறையில் படுக்கட்டும். ஏப்பம் எடுக்க, துணி மாற்ற, தோளில் போட்டு உலாத்த நீங்கள் இருங்கள். அடுத்த வேளைக்குப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த பாலைப் பாலாடையில் புகட்டலாம். அவருக்கு ஒரே மூச்சில் நாலைந்து மணி நேரத் தூக்கம் கிடைக்க வேண்டும். படுத்தும் தூக்கம் வரவில்லை என்றால் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த லீவிலேயே கூடப் போய் நீங்களே சொல்லுங்கள். டாக்டர் கேட்டால் அவர் "ஒண்ணுமில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிடக்கூடும்.