பிப்ரவரி 5இல் பிறந்த மகள்: பாம்பா, குதிரையா?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில் வசிக்கிறோம். என் மகள் பிறந்தது 2002 பிப்ரவரி 5. அவள் விரும்பும் சீனப் பையன் 1996 ஆகஸ்டில் பிறந்தவன், எலி ஆண்டு. இணையத்தில் 2002 என்று போட்டால் குதிரை என்று வருகிறது. எலிக்கும் குதிரைக்கும் ஆகாதாம். குதிரை ஆண்டுப் பெண் புகுந்த வீட்டுக்கே ஆகமாட்டாள் என்று வேறு ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பையனின் பாட்டி இதையெல்லாம் பார்ப்பவர். கேட்டால் என்ன சொல்ல?

பதில்: பாட்டி கேட்டால் "பாம்பு" என்று சொல்லுங்கள். அது உண்மைதான்.

சீன விலங்கு ஆண்டு ஜனவரி 1 அன்று தொடங்குவதில்லை, சீனப் புத்தாண்டு அன்றுதான் தொடங்கும். 2002இல் அது பிப்ரவரி 12ஆம் தேதி வந்தது. உங்கள் மகள் அதற்கு ஒரு வாரம் முன்பே பிறந்துவிட்டாள். ஆண்டை மட்டும் கேட்டு விலங்கைக் காட்டும் பக்கங்கள், ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களில் பலரைத் தவறான விலங்கில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகின்றன. குதிரை ஆண்டுகளையே பாருங்கள்: 1990இல் ஜனவரி 27, 2014இல் ஜனவரி 31, 2026இல் பிப்ரவரி 17. ஒவ்வொரு முறையும் வேறு தேதி.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பாட்டி ஒரு ஜோதிடரிடம் போனால் அவர் "குதிரை" என்று சொல்லக்கூடும். "பாட்சி" எனப்படும் எட்டெழுத்து ஜாதகம் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஆண்டைப் புத்தாண்டிலிருந்து எண்ணுவதில்லை. "லீச்சுன்" என்ற வசந்தத் தொடக்க நாளிலிருந்து எண்ணுவார்கள். அது சூரியக் கணக்கு. பிப்ரவரி 4ஐ ஒட்டி வரும், 2002இல் சரியாக 4ஆம் தேதியே வந்தது. நமக்குச் சித்திரை ஒன்று சூரியக் கணக்கு, தெலுங்குக்காரர்களுக்கு யுகாதி சந்திரக் கணக்கு என்று இருக்கிறதல்லவா, அதுபோலத்தான். உங்கள் மகள் பிறந்தது இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் நடுவில். ஊர் வழக்கில் பாம்பு, ஜாதகக் கணக்கில் குதிரை. இரண்டு கணக்கையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எலிக்கும் குதிரைக்கும் என்ன பகை? பன்னிரண்டு விலங்குகளையும் கடிகார முகப்பில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாளில் இரண்டு மணி நேரம். எலிக்கு இரவு 11 முதல் 1, குதிரைக்குப் பகல் 11 முதல் 1. ஒன்று நள்ளிரவு, மற்றது உச்சிவேளை. ஒன்று வடக்கு, மற்றது தெற்கு. ஒன்று நீர், மற்றது நெருப்பு. நேர் எதிரே நிற்பதால் "மோதல்" என்கிறார்கள், அவ்வளவுதான். பூமியின் தீர்க்கரேகைக்குச் சீன மொழியில் இன்றும் எலியையும் குதிரையையும் குறிக்கும் அந்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்துத்தான் பெயர். பாம்புக்கு நேர் எதிரே இருப்பது பன்றி. அதனால் பாம்புக்கும் எலிக்கும் இந்த மோதல் கிடையாது.

குதிரையின் குணங்களும் அந்த உச்சிவேளையிலிருந்து வருபவைதான். வெளிச்சம், வேகம், பத்துப் பேர் நடுவில் கலகலப்பு, மனதில் இருப்பது முகத்தில் தெரிவது. கட்டிப்போட்டால் தாங்காது, காத்திருக்கப் பொறுமை இருக்காது. சீனப் பேச்சில் "உடனே" என்பதற்கான சொல் "மாஷாங்". எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னால் "குதிரை மேல்". 2014 குதிரை ஆண்டில் பொம்மைக் குதிரையின் முதுகில் பணத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டார்கள். குதிரை மேல் பணம், அதாவது உடனே பணம் வரட்டும் என்ற வாழ்த்து! குதிரையை அவர்கள் எவ்வளவு ஆசையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு இது ஒன்றே போதும். பாம்பும் அங்கே மட்டமில்லை. "சின்ன டிராகன்" என்று செல்லமாகச் சொல்வார்கள். நிதானம், கூர்ந்து கவனிப்பது, யோசித்துப் பேசுவது எல்லாம் அதன் குணங்கள்.

அப்புறம், உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பேச்சு. அது ஜப்பானில் வேரூன்றிய நம்பிக்கை. அதுவும் எல்லாக் குதிரை ஆண்டையும் பற்றியது இல்லை, அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரையைப் பற்றியது. விலங்குக்கென்று இருக்கும் தன்மை போக, ஒவ்வொரு ஆண்டுக்கும் நீர், நெருப்பு போன்ற ஐந்தில் ஒன்று தனியாகச் சேரும். 1966 அப்படிப்பட்ட ஆண்டு, 2026உம் அப்படியே. 2002 நீர்க் குதிரை. எனவே மகளைக் குதிரை என்றே வைத்துக்கொண்டாலும் அந்தச் சொல் அவளைத் தொடாது. நெருப்புக் குதிரைப் பெண் கணவனுக்கு ஆகமாட்டாள் என்ற பயத்தில் ஜப்பானியர்கள் பலர் 1966இல் குழந்தையே பெற்றுக்கொள்ளவில்லை. 1965இல் 18 லட்சத்தைத் தாண்டியிருந்த பிறப்புகள் அந்த ஒரே ஆண்டில் சுமார் 13.6 லட்சமாக விழுந்தன. அடுத்த ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டிவிட்டன. "பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லி நம் ஊரில் எத்தனை பெண்களின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார்கள், அதே கொடுமைதான். மகள் காதில் இந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி முறையாகப் பொருத்தம் பார்க்க விரும்பினால் தயங்காமல் சம்மதியுங்கள். எட்டெழுத்தில் ஆண்டு என்பது நான்கு தூண்களில் ஒன்றுதான். மாதம், நாள், நேரம் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. "நான்" என்று அவர்கள் எடுத்துக்கொள்வது பிறந்த நாளுக்குரிய எழுத்தை, ஆண்டு விலங்கை அல்ல. நல்ல ஜோதிடர் யாரும் ஆண்டு விலங்கை மட்டும் பார்த்து வேண்டாம் என்று சொல்லமாட்டார்.

மகளுக்கு நம் முறைப்படி ஜாதகம் எழுதியிருப்பீர்கள். அதில் பிறந்த நேரம் இருக்கும், கையோடு எடுத்துப் போங்கள். சிங்கப்பூரில்தான் பிறந்தாள் என்றால் அதையும் சொல்லுங்கள். இங்கே கடிகாரம் சூரியனைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவதால், சில ஜோதிடர்கள் அதைக் கழித்துக்கொண்டுதான் நேரத் தூணை எழுதுவார்கள்.