நர்சிங் வழியாக டாக்டர் ஆக முடியுமா?

கேள்வி: அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன் அக்கா. நீட்டில் மார்க் போதவில்லை. "பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்துவிடட்டும், அப்புறம் நேராக எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷத்தில் எடுத்துக்கொள்வார்கள்" என்று வேலூரில் ஒரு அட்மிஷன் ஏஜென்ட் அப்பாவிடம் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: நம்பாதே தங்கச்சி. அப்படி ஒரு வழி நம் நாட்டில் கிடையாது. நான்கு வருஷம் நர்சிங் முடித்தாலும் எம்.பி.பி.எஸ். வேண்டுமென்றால் மறுபடி நீட் எழுதி முதல் வருஷத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அப்பா முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேட்கச் சொல்.

டாக்டர் ஆசை விடவே விடாது என்றால் இன்னொரு தடவை நீட்டுக்கு ஒழுங்காகப் படி. இப்போது மேல் வயது வரம்பு இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது.

ஆனால் நர்சிங்கை ஏதோ டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் இடம் மாதிரி பார்க்காதே, அதற்கென்று தனியாக மேலே போகும் வழி இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில், முடிந்தால் ஐ.சி.யு.வில், வேலை பார்த்த பிறகு தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் (கூடுதல் பயிற்சியும் பொறுப்பும் உள்ள நர்ஸ்) படிப்பில் சேரலாம். இரண்டு வருஷம், பெரும்பகுதி வார்டிலேயே நின்று கற்பது. எம்.எஸ்சி., பிஎச்.டி. என்று போனால் கல்லூரியில் பாடம் நடத்தலாம். அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுப்பதற்கென்றே தனி நர்ஸ் பிரிவு உண்டு, ஆனால் அங்கே முதலில் என்கிளெக்ஸ் என்ற நர்ஸ் உரிமத் தேர்வில் தேறி, ஐ.சி.யு. அனுபவம் சேர்த்து, அதற்கு மேல் முனைவர் நிலைப் படிப்பும் முடிக்க வேண்டும், ஆற அமரப் போகிற வழிதான். இங்கே நர்ஸ் பிராக்டிஷனர் ஆனாலும் தனியாக கிளினிக் போட முடியாது, அதையும் தெரிந்துகொண்டு சேர்.

வேலை எப்படி என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு ஆபரேஷன் முடிந்த பெரியவரின் யூரின் பையில் ஒரு மணி நேரமாக அளவு ஏறவில்லை என்று முதலில் கவனிப்பது நர்ஸ்தான், டியூட்டி டாக்டரைக் கூப்பிடுவது அதற்கப்புறம். இந்தக் கவனிப்பு உனக்குப் பிடிக்குமா என்று யோசி. பிடிக்காது என்றால் நான்கு வருஷம் நரகம்.

சேருவதென்றால் ஏஜென்ட் தேவையே இல்லை. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் பிளஸ் டூ மார்க்கை வைத்து கவுன்சலிங்கில்தான் நிரம்புகின்றன. உங்கள் ஊர்ப் பக்கமே வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) இருக்கிறது, 1909இல் நர்சிங் பள்ளி தொடங்கி 1946லேயே டிகிரி படிப்பு கொண்டுவந்த இடம், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேறு தனியார் கல்லூரி என்றால் நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பார், அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை அப்பாவோடு போய் அவர்கள் ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அரை மணி நேரம் உட்கார். அங்கே நோயாளியே இல்லை என்றால் பேசாமல் பஸ் ஏறிவிடுங்கள்.