ஓடையில் நனைந்த காலோடு ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கோவையில் வசிக்கிறேன். 50 கிலோமீட்டர் மலைப்பாதை ஓட்டப் போட்டி ஒன்றுக்காக வால்பாறைப் பக்கம் எஸ்டேட் பாதைகளில் பயிற்சி செய்கிறேன். வழியில் மூன்று ஓடைகள் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஷூவைக் கழற்றிவிட்டுக் கடக்க வேண்டுமா? ஓட்டம் முடியும்போது உள்ளங்கால் வெளுத்துச் சுருங்கி எரிகிறது. விரலிடுக்குகளில் வெடிப்பும் அரிப்பும் உள்ளன. தண்ணீர் புகாத ஷூ வாங்கினால் சரியாகுமா? அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு.

பதில்: ஷூவைக் கழற்ற வேண்டாம். பாசி படிந்த கற்களின் மேல் வெறுங்காலுடன் நடக்கும்போது வழுக்குவது ஒருபுறமிருக்க, குளிர்ந்த நீரில் மரத்துப்போன உள்ளங்கால், கல்லோ கண்ணாடித் துண்டோ கிழித்ததைக்கூட உடனே உணராது. அந்தக் காயத்தின் மேல் ஈரக் காலுறையைப் போட்டுக்கொண்டு இன்னும் பல மணி நேரம் ஓடுவீர்கள். அதைவிட நனைந்த ஷூ எவ்வளவோ மேல்.

காலைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தென்மேற்குப் பருவமழையின்போது நீங்கள் நிற்கும் இடத்தில் வெயிலடித்தாலும், மேலே பெய்த மழை சில நிமிடங்களில் ஓடையைக் காட்டாறாக்கிவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது நினைவிருக்கும். தெளிந்து ஓடிய நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ இறங்காதீர்கள். நீரின் வேகம் இருமடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதால், முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் திடகாத்திரமானவரும் நிலைகுலைவார். கடக்கத்தான் வேண்டுமென்றால், முதுகுப்பையின் மார்பு, இடுப்புப் பட்டைகளைக் கழற்றிவிட்டு, நீர் வரும் திசையைப் பார்த்தபடி கோலூன்றிப் பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். தவறி விழுந்தால், வேகமான நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். மல்லாந்து, கால்களை நீரோடும் திசையில் நீட்டியபடி கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

இனி உங்கள் உள்ளங்காலுக்கு வருவோம். தோலின் வெளிப்படலம் நீரை உறிஞ்சி உப்பி மென்மையாகிறது. ஈரத்தால் உராய்வும் கூடுவதால், காலுறை தோலை ஒருபக்கம் இழுக்க, உள்ளே எலும்பு மறுபக்கம் நகர, இடைப்பட்ட தோலடுக்கு பிரிந்து கொப்புளமாகிறது. எரிச்சல் இதற்கு முந்தைய படி. வியட்நாம் போரில் நாள்கணக்கில் நெல்வயல்களிலும் சதுப்பிலும் நின்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கு உள்ளங்கால் வெளுத்து வீங்கி, அடியெடுத்து வைக்கவே முடியாத நிலை ஏற்பட்டது. காலை உலரவைத்ததும் பெரும்பாலும் குணமானது. நனைவதைவிட நனைந்தபடியே நெடுநேரம் இருப்பதுதான் கெடுதல்.

அதனால்தான் தண்ணீர் புகாத ஷூவை நான் பரிந்துரைப்பதில்லை. கணுக்கால் அளவு ஓடையில் இறங்கினாலே நீர் மேல்வழியாக உள்ளே வந்துவிடும். வந்தது வெளியேறாமல், ஷூ இரண்டு சிறு தொட்டிகளாக உங்களோடு ஓடிவரும். மேற்பகுதி வலைத்துணியாலான ஷூ, கரையேறி நூறடி ஓடுவதற்குள் நீரின் பெரும்பகுதியைப் பிழிந்து தள்ளிவிடும். பருத்திக் காலுறை ஈரத்தை விடாது. மெல்லிய கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை அணியுங்கள். புறப்படும் முன் உலர்ந்த பாதத்தில் வாஸ்லினைத் தாராளமாகத் தடவுங்கள். ஆனால் விரலிடுக்கில் வெடிப்பு ஆறும்வரை அங்கே மட்டும் தவிர்த்துவிடுங்கள். மூன்றாவது ஓடைக்குப் பின், உறையில் பத்திரமாக வைத்த உலர்ந்த காலுறைக்கு மாறச் செலவிடும் ஐந்து நிமிடம் வீணல்ல. ஓட்டம் முடிந்தவுடன் காலைக் கழுவித் துடைத்து, வெறும் பாதத்தைக் காற்றாட விடுங்கள். நனைந்த ஷூவோடு கோவை வரை வண்டியில் வருவது பலரும் செய்யும் தவறு.

விரலிடுக்கு வெடிப்பைச் சேற்றுப்புண் என்றே கருதுகிறேன். இது பூஞ்சைத் தொற்று. க்ளோட்ரிமசோல் களிம்பை நாளுக்கு இருமுறை தடவி, அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். மருந்துக்கடையில் அரிப்புக்கென்று கேட்டால், ஸ்டீராய்டு கலந்த களிம்பு கைக்கு வந்துவிடக்கூடும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ அடங்காமல் பரவும். இப்படித் தொடையிடுக்கு வரை படர்ந்த நிலையில் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். வெடிப்பு மூடும்வரை ஓடைப் பாதைக்குப் போகாதீர்கள். அதன் வழியே பாக்டீரியா நுழைந்தால் கால் சிவந்து, சூடாகி வீங்கும். அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால், உங்கள் ரத்தச் சர்க்கரையை வெறும் வயிற்றிலும், சுமார் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி முறையிலும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். நீரில் விரல்நுனி சுருங்குவதே நரம்புகள் செய்யும் வேலை. நரம்பு பழுதானால் அச்சுருக்கம் குறையும். உங்கள் தோல் சுருங்குவதும் எரிச்சலை உணர்வதும் நல்ல அறிகுறிகளே என்றாலும், அவை பரிசோதனைக்கு ஈடாகா.

கடைசியாக, எலிக்காய்ச்சல். எலி, மாடு போன்றவற்றின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, வெடிப்பின் வழியாகவும் ஊறிய தோலின் வழியாகவும் உடலுக்குள் புகும். 2000ஆம் ஆண்டு மலேசியாவின் சபாவில் நடந்த சாகசப் போட்டியில் 304 பேர் பங்கேற்றனர். பின்னர் விசாரிக்கப்பட்ட 189 பேரில் 80 பேருக்கு இந்நோயின் அறிகுறிகள் இருந்தன. செகாமா ஆற்றில் நீந்தியதே முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இதைத் தடுக்க டாக்சிசைக்ளின் மாத்திரை உண்டு, ஆனால் அதை நீங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. ஓடையில் இறங்கிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு தோன்றினால், சாதாரணக் காய்ச்சல் என்று காத்திராமல் மருத்துவரிடம் சென்று, எந்தத் தேதியில் எந்த ஓடையில் இறங்கினீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.