சாய்ந்து நிற்கும் வேம்பை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் ஓட்டு வீடு. வீட்டுக்கு மேற்கே அப்பா வைத்த வேப்ப மரம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. மார்கழியில் நுனியெல்லாம் கருகியும் போனது. ஆடிக் காற்றுக்குள் வெட்டிவிடச் சொல்கிறார்கள். கட்டையை எடுத்துக்கொண்டு காசில்லாமலே வெட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். வெட்டிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொன்னதை மட்டும் வைத்து ஒரு மரத்தை வெட்டக் கூடாது.

கருகலை முதலில் தள்ளி வையுங்கள். சில வருடங்களாகவே மழைக்காலம் முடியும்போது கொங்கு நாட்டில் வேம்புகள் நுனி கருகுகின்றன. பூஞ்சையும் தேயிலைக் கொசு என்கிற சாறுறிஞ்சும் பூச்சியும்தான் காரணம். பார்க்கப் பட்டுப்போன மாதிரி இருந்தாலும் பெரும்பாலான மரங்கள் கோடையில் துளிர்த்துவிடும். பட்டையை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

சாய்வுதான் கவனிக்க வேண்டியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று உங்கள் பக்கம் எவ்வளவு வேகம் என்று காற்றாலைகளே சொல்லும். அதில் வளர்ந்த மரம் கிழக்கே சாய்வது இயல்பு. சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்தது அதற்கேற்ப வேரையும் கட்டையையும் பலப்படுத்திக்கொள்ளும். புதிதாகச் சாய்ந்திருந்தால்தான் ஆபத்து. அதைத் தூரில் பார்க்கலாம், முக்கியமாக மேற்குப் பக்கம். காற்றில் மரத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துவது அந்தப் பக்கத்து வேர்கள். அங்கே மண் வெடித்தோ மேடிட்டோ இருக்கிறதா? சுவருக்கோ பைப்புக்கோ தோண்டும்போது பெரிய வேரை அறுத்தார்களா? தூரில் காளான் முளைத்திருக்கிறதா? பெரிய கவையில் வெடிப்பு ஓடுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் விவரம் தெரிந்தவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். மண் மேடிட்டு, சாய்வும் கூடியிருந்தால் எடுத்துவிடுவதுதான் சரி. மேலிருந்து துண்டு துண்டாக அறுத்து, கயிறு கட்டி இறக்க வேண்டும்.

எதுவும் இல்லையா? கவாத்து போதும். காய்ந்த கொப்புகளையும் ஓட்டின் மேல் தொங்குவதையும் மட்டும் எடுங்கள். ஒரு வருடத்தில் தழையில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. மொட்டையடிக்க மட்டும் விடவே விடாதீர்கள். நம் ஊரில் மரத்துக்குச் செய்யும் பெரிய கெடுதல் அதுதான். மொட்டையில் கிளம்பும் கொப்புகள் மேல்கட்டையில் மட்டும் ஒட்டி வளரும். நாலைந்து வருடத்தில் கனம் கூடியதும் காற்றில் பிய்ந்து விழும்.

கனத்த கொப்பை மூன்று வெட்டாக எடுக்கச் சொல்லுங்கள். அடிமரத்திலிருந்து சற்றுத் தள்ளி, முதலில் கீழிருந்து பாதி. இன்னும் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்து இறக்க வேண்டும். கடைசியாக, கொப்பு புறப்படும் இடத்தில் புடைத்திருக்கும் வளையத்தை ஒட்டி, அதைத் தொடாமல் மிச்சமிருக்கும் குச்சியை நறுக்க வேண்டும். அப்போதுதான் பட்டை கிழியாது, காயமும் மூடும். தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம்.

இலவசமாக வெட்டுகிறவருக்குக் கட்டைதான் கூலி. மரத்தை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. கூலி வாங்கிக்கொண்டு, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி ஏறுகிறவரைக் கூப்பிடுங்கள். பக்கத்தில் மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஏற வேண்டும். மரம் வேலிக்கு வெளியே, ரோட்டோரத்தில் இருந்தால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதியில்லாமல் வெட்ட முடியாது.

கவாத்து ஆனிக்கு முன்பே முடியட்டும். அப்புறம் பலத்த காற்றடிக்கும் நாளில் தள்ளி நின்று மேற்குத் தூரைப் பாருங்கள். மண் ஏறி இறங்கினால் அன்று ராத்திரி அந்தப் பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம், காற்று தணிந்ததும் ஆளைக் கூப்பிடுங்கள்.