ரீஃப் தொட்டிக்கு எந்த ரியாக்டர்? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கே: பவளம் வளர்க்கும் 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. சம்ப் (கீழே வைக்கும் துணைத் தொட்டி), ஸ்கிம்மர் (நுரையால் கழிவை எடுக்கும் கருவி) இரண்டும் ஓடுகின்றன. அடுத்து மீடியா ரியாக்டர் வாங்க வேண்டும். ஒற்றை வாங்கவா, இரட்டை வாங்கவா?

ப: வாங்கும் முன் பாஸ்பேட், நைட்ரேட் இரண்டையும் அளந்து எழுதி வையுங்கள். இரண்டு வாரமாவது தொடர்ந்து பார்க்க வேண்டும். ரியாக்டர் தானாக எதையும் சுத்தம் செய்யாது. உள்ளே இருக்கும் மீடியா (தேவையற்றதைப் பிடிக்கும் மணிகள்) வழியாகத் தண்ணீரைப் போக வைப்பது மட்டும்தான் அதன் வேலை. என்ன மீடியா தேவை என்று தெரிந்த பிறகுதான் எந்த ரியாக்டர் என்ற பேச்சே வரும்.

பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம்.முக்குள் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு) இருக்கிறது, நைட்ரேட்டும் 10ஐத் தாண்டவில்லை என்றால், கொஞ்சம் ஆக்டிவேட்டட் கார்பனை வலைப்பையில் போட்டு சம்பில் தண்ணீர் வேகமாக ஓடும் இடத்தில் வைத்தாலே போதும். பாஸ்பேட் 0.1க்கு மேலேயே நின்றால் ஜி.எஃப்.ஓ.வுக்கு (பாஸ்பேட்டைப் பிடிக்கும் இரும்பு ஆக்சைடு மணிகள்) ஒரு சின்ன ரியாக்டர் வாங்கலாம். ஒரே பம்பில் ஓடும் இரட்டை ரியாக்டரை நான் பரிந்துரைப்பதில்லை. கார்பன் அசையாமல் இருக்க வேண்டும், ஜி.எஃப்.ஓ. லேசாக அசைய வேண்டும். ஒரே ஓட்டத்தில் இரண்டையும் சரியாக வைப்பது கஷ்டம்.

கே: இரண்டையும் கலந்து ஒரே ரியாக்டரில் போடலாமா அண்ணா?

ப: போடலாம், பலர் போடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே நாளில் தீராது. ஒன்று தீர்ந்ததும் மற்றதையும் சேர்த்துக் கொட்ட வேண்டி வரும்.

கே: ஜி.எஃப்.ஓ. போட்டதும் தொட்டி முழுக்கப் பழுப்பாகக் கலங்கிவிட்டது.

ப: கழுவாமல் போட்டிருப்பீர்கள், அல்லது ஓட்டம் அதிகம். ரியாக்டரிலிருந்து வெளியே வரும் குழாயை முதலில் ஒரு வாளியில் விட்டு, தண்ணீர் தெளிந்த பிறகு சம்பில் திருப்புங்கள். கழுவுவதற்கு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. மேல்மட்டத்து மணிகள் மட்டும் மெல்லப் புரண்டால் அதுதான் சரியான ஓட்டம். மொத்தமும் கொதிப்பது போலப் புரண்டால் மணிகள் ஒன்றோடொன்று உரசித் தூளாகிவிடும். வால்வு இல்லாத ரியாக்டரை வாங்காதீர்கள்.

கே: ஜி.எஃப்.ஓ. ஓடவிட்டு ஒரு வாரம்தான் ஆகிறது. அக்ரோபோரா பவளத்தின் நுனிகள் வெளுக்கின்றன. பாஸ்பேட் இப்போது பூஜ்யம். நல்லதுதானே?

ப: நல்லதில்லை. இன்றே ரியாக்டரை நிறுத்துங்கள். பவளத்துக்கும் அதன் உள்ளே வாழும் நுண்பாசிக்கும் பாஸ்பேட் வேண்டும். 0.2ல் பழகிய பவளத்தை ஒரே வாரத்தில் பூஜ்யத்துக்கு இழுத்தால் அது பட்டினியில் தவிக்கும். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தில் நிற்கும் தொட்டிகளில் டைனோ எனப்படும் வழவழப்பான பழுப்புப் படலம் எளிதில் வரும். அதை விரட்டுவது பாசியை விரட்டுவதைவிடப் பல மடங்கு கஷ்டம்.

மீன்களுக்கு உணவைச் சற்றுக் கூட்டுங்கள். ஆல்கலினிட்டியை (தண்ணீர் அமிலத்தைத் தாங்கும் திறன்; டி.கே.எச். அதன் அலகு) 7 முதல் 8 டி.கே.எச்.சில் நிலையாக வையுங்கள். சத்து குறைந்த தண்ணீரில் ஆல்கலினிட்டி உயர்ந்திருந்தால் நுனிகள் இன்னும் மோசமாக எரியும். திரும்பத் தொடங்கும்போது டப்பாவில் எழுதியிருக்கும் அளவில் கால்பங்கு போதும், இரண்டு நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். முதலில் குறைந்து பிறகு எண் மறுபடி ஏறினால் பயப்படாதீர்கள். பாறைகள் தங்களிடம் ஒட்டியிருந்த பாஸ்பேட்டைத் தண்ணீரில் விடுகின்றன. அது அடங்கப் பல வாரங்கள் ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

கே: என் மீட்டர் 20 பி.பி.பி. (பி.பி.எம்.மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று காட்டுகிறது. இது 0.02 தானே?

ப: மீட்டர் பாஸ்பரஸை அளக்கிறதா, பாஸ்பேட்டை அளக்கிறதா என்று பாருங்கள். பாஸ்பரஸ் என்றால் 3.07ஆல் பெருக்க வேண்டும். அப்படியானால் உங்களுடையது 0.06. எதுவும் வாங்கத் தேவையில்லை, சந்தோஷமாக இருங்கள்!

கே: லெதர் பவளமும் (ஒரு மென்பவளம்) எஸ்.பி.எஸ்.ஸும் (அக்ரோபோரா போன்ற கல்பவளம்) ஒன்றாக வைத்திருக்கிறேன். கார்பன் கட்டாயமா?

ப: உங்கள் தொட்டியில் கட்டாயம் என்றே சொல்வேன். பக்கத்துப் பவளத்தை வளரவிடாமல் தடுக்க லெதர் தண்ணீரில் ரசாயனங்களை விடும். கார்பன் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரின் மஞ்சள் நிறத்தையும் எடுத்துவிடும். நிறையப் போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடுவதைவிட, கொஞ்சமாகப் போட்டு மூன்று வாரத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

கே: மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய். தொட்டியில் காப்பர் போட்டு, பிறகு கார்பனால் எடுத்துவிடலாமா?

ப: தயவுசெய்து வேண்டாம். நத்தை, இறால், பவளம் எல்லாம் அதற்குள் செத்துவிடும். பாறையிலும் மணலிலும் ஏறிய காப்பர் எளிதில் வெளியேறாது. மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள்.

கே: கால்சியம் ரியாக்டரும் இந்த வகைதானா?

ப: இல்லை. அது எதையும் எடுப்பதில்லை. கார்பன் டை ஆக்சைடால் பி.எச். அளவை 6.5 வாக்கில் இறக்கி, உள்ளே இருக்கும் பவளத் துண்டுகளைக் கரைத்துக் கால்சியத்தையும் ஆல்கலினிட்டியையும் கொடுக்கிறது.

கே: மின்சாரம் பல மணி நேரம் போனால் ரியாக்டரை என்ன செய்வது?

ப: மின்சாரம் வந்ததும் தானாக ஓட விடாதீர்கள். மூடிய குழாய்க்குள் நின்ற தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து கெட்டிருக்கலாம், பயோபெல்லட் (பாக்டீரியாவுக்கு உணவாகும் மணிகள்) ரியாக்டரில் இது இன்னும் வேகமாக நடக்கும். மூடியைத் திறந்து முகருங்கள். அழுகிய முட்டை வாடை இருந்தால் தண்ணீரை வெளியே கொட்டி, மீடியாவை அலசிவிட்டுத்தான் சம்போடு இணைக்க வேண்டும். மூடும்போது ஓ-ரிங்கில் சிலிக்கோன் கிரீஸ் தடவுங்கள், கசியாது.