‘மர*’ என்று தேடினால் மரணம் வருகிறதே!

பழைய கட்டுரைகள் அடங்கிய ஒரு தரவுத்தளத்தில் தேடுகிறேன். ‘மரம்’ என்று கொடுத்தால் கொஞ்சம்தான் கிடைக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று நட்சத்திரக் குறி போட்டு ‘மர*’ என்று கொடுத்தேன். மரணம், மரபு, மரியாதை எல்லாம் வந்து நிற்கின்றன. என்ன செய்வது?
- ஓர் ஆய்வு மாணவி

உங்கள்மேல் தப்பில்லை. ஆனால் அந்த யாரோ பாதிதான் சொல்லியிருக்கிறார்.

தரவுத்தளம் உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டுரையாகப் படித்துப் பார்ப்பதில்லை. புத்தகத்தின் பின்பக்கத்தில் சொல்லடைவு இருக்கும் அல்லவா, அதுபோல ஒன்றை முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறது: எந்தச் சொல் எந்த ஆவணத்தில் வருகிறது என்ற பட்டியல். ‘மரம்’ என்று நீங்கள் கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கும். ‘மரத்தை’, ‘மரத்தில்’, ‘மரங்களின்’ எல்லாம் அதற்கு வேறு வேறு சொற்கள். தமிழுக்கு வேர்ச்சொல் பிரிக்கும் வசதியைச் சில தளங்கள் வைத்திருக்கின்றன. பலவற்றில் அது கிடையாது.

நட்சத்திரக் குறிக்கு ‘இந்த இடத்தில் எந்த எழுத்துகள் வந்தாலும் சரி’ என்று பொருள். அதனால் அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ‘ம்’ என்பது கணினிக்குள் ‘ம’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டாகப் பதிவாகிறது. ஆகவே ‘மரம*’ என்று புள்ளி இல்லாமல் கொடுத்தால் மரம், மரமும், மரமாக, மரமே எல்லாம் வரும். புள்ளி வைத்து ‘மரம்*’ என்று கொடுத்தால் ‘மரமும்’ போய்விடும். இதே கணக்கில் ‘மரத்த*’ என்பது மரத்தை, மரத்தில், மரத்துக்கு, மரத்தடி எல்லாவற்றையும் பிடிக்கும். ‘மரத்தைப் பார்த்தான்’ என்பதில் வரும் ஒற்றும் தொல்லை தராது. பன்மைக்கு ‘மரங்க*’. மூன்றையும் சேர்த்து இப்படிக் கொடுங்கள்:

(மரம* ஆர் மரத்த* ஆர் மரங்க*)

‘ஆர்’ என்றால் ‘அல்லது’. அதை OR என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். லூசீன் என்ற தேடல் நிரலை அடிப்படையாகக் கொண்ட தளங்களில் சின்ன எழுத்தில் அடித்தால் அதையும் தேட வேண்டிய ஒரு சொல்லாகவே எடுத்துக்கொள்ளும். கை ‘மரத்துப்போன’ கதை ஒன்றிரண்டு உள்ளே வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆலமரம், புளியமரம் வராது. அவற்றுக்கு நட்சத்திரம் முன்னால் வேண்டும். ஆனால் சொல்லின் தொடக்கம் தெரியாவிட்டால் அந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை புரட்ட வேண்டியிருக்கும் என்பதால், பல தளங்கள் முன்நட்சத்திரத்தை அனுமதிப்பதில்லை. மரப்பெயர்களைத் தனித்தனியாகச் சேர்த்துவிடுங்கள்.

‘அணை ஆண்ட் உடைப்பு ஆர் கசிவு’ என்று கொடுத்தேன். வினாத்தாள் கசிந்த செய்திகளாகக் கொட்டுகின்றன!
- ஒரு பத்திரிகையாளர்

அடைப்புக்குறி போடாததன் விளைவு. ‘அணையும் உடைப்பும் சேர்ந்து வருபவை, இல்லாவிட்டால் கசிவு வரும் எதுவானாலும் சரி’ என்று அது புரிந்துகொண்டது. பெரும்பாலான தளங்களில் ‘ஆண்ட்’டுக்கே (AND, ‘இரண்டும் வேண்டும்’) முதல் மரியாதை. மருத்துவ ஆய்வுகளுக்கான பப்மெட் போன்றவை இடமிருந்து வலமாக வரிசைப்படி போகும். எது எப்படி என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ‘அணை* ஆண்ட் (உடைப்ப* ஆர் கசிவ*)’ என்று எழுதினால் எந்தத் தளத்திலும் குழப்பம் வராது.

அடுத்து, வினாத்தாள் என்ற சொல் வரும் ஆவணங்களைத் தள்ளிவிட ‘நாட் (NOT) வினாத்தாள்’ என்று சேர்க்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம். நான் ஆவணக் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதையேதான் செய்தேன். பட்டியல் அழகாகச் சுருங்கியது, பெருமையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் தேடிய அணை எத்தனை முறை பழுதுபார்க்கப்பட்டது என்று வரிசையாகச் சொல்லும் ஒரே கட்டுரை அதில் இல்லை. அது ஆண்டிறுதித் தொகுப்பு. அதன் கடைசிப் பத்தியில் வினாத்தாள் விவகாரமும் இரண்டு வரி இருந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து ‘நாட்’ போடுவதற்கு முன், அது தள்ளிவிடப் போகும் ஆவணங்களைத் தனியாக ஒருமுறை தேடிப் பார்த்துவிடுவேன்.

‘நாட்’டுக்குப் பதில் நெருக்கத் தேடலைப் பயன்படுத்துங்கள். இரண்டு சொற்களும் பத்துச் சொல் இடைவெளிக்குள் வர வேண்டும் என்று கேட்பது அது. லூசீன் வகைத் தளங்களில் "அணையில் கசிவு"~10 என்று எழுதுவார்கள். வேறு சிலவற்றில் இரு சொற்களுக்கும் நடுவே ‘நியர்/10’ (NEAR/10) வரும். ஒரு சங்கடம் உண்டு: லூசீனின் வழக்கமான தேடல் மொழியில் மேற்கோள் குறிக்குள் நட்சத்திரம் வேலை செய்யாது. ‘அணையின்’, ‘அணையிலிருந்து’ என்று ஒவ்வொன்றாகத்தான் கொடுத்துப் பார்க்க வேண்டும். சொல்செயலியில் எழுதி வெட்டி ஒட்டாதீர்கள். அது மேற்கோள் குறியை வளைத்துவிடும், வளைந்த குறியைச் சில தளங்கள் கண்டுகொள்வதே இல்லை.

‘கொள்கை’ என்ற சொல் ஆவணத்தில் கண்ணுக்கு எதிரே தெரிகிறது. தேடினால் இல்லை என்கிறது!
- ஒரு வாசகர்

அந்தச் சொல்லை ஆவணத்திலிருந்தே நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். கிடைத்துவிட்டால் குறியீட்டுச் சிக்கல்தான். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யூனிகோட்) ‘கொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் வைக்கலாம், இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒட்டும்போது வேறு ஏதோ எழுத்துக் கூட்டமாக மாறினால், அது பழைய எழுத்துருவில் அடித்த ஆவணம். எதுவுமே நகலாகவில்லையா? அது வெறும் படம். அதற்குள் தேட முடியாது.

தேடி முடித்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்?
- அதே பத்திரிகையாளர், இரண்டாவது கடிதத்தில்

நல்ல கேள்வி, சங்கடமான கேள்வியும்கூட. டேவிட் பிளேர், எம். இ. மேரன் என்ற இருவர் 1985-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு விபத்து வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. தேடிய வழக்கறிஞர்கள் தேவையானவற்றில் 75 சதவீதமாவது கிடைத்துவிட்டதாக நம்பினார்கள். சோதித்துப் பார்த்தால் கிடைத்திருந்தது சுமார் 20 சதவீதம்தான்.

காரணம் தேடல் குறிகள் இல்லை, சொற்கள். விபத்தில் நேரடியாகச் சம்பந்தப்பட்டவர்கள் பெரும்பாலும் ‘விபத்து’ என்று நேராக எழுதவில்லை. ‘துரதிர்ஷ்டமான சூழ்நிலை’, ‘சிரமம்’ என்பதுபோலப் பூசி மெழுகி எழுதியிருந்தார்கள்.

ஆகவே கிடைத்த ஆவணங்களில் நல்லதாக நாலைந்தை எடுத்து, உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள். அவற்றை எழுதியவர் என்ன சொல்லைப் பயன்படுத்தினார் என்று குறித்துக்கொண்டு, அடைப்புக்குறிக்குள் அதையும் சேர்த்து மறுபடி தேடுங்கள். புதிய ஆவணமோ புதிய சொல்லோ எதுவும் வராதபோது நிறுத்தலாம். அணை கசிந்ததற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறியாளர் ‘கசிவு’ என்று எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ‘ஈரப்பத*’ என்றும் ஒருமுறை கொடுத்துப் பாருங்களேன்.